அக்கா திருப்பிய குண்டுப் பைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு அக்கா என்ன வேலை பார்த்தார் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. "பொண்ணு எக்ஸ்போர்ட் கம்பெனில கீது" என்றுதான் கல்யாண வீடுகளில் பெரியம்மா சொல்லி வைப்பார். தோல் என்ற சொல் வாயில் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு முடிகிற இந்த நாளில் அதையாவது நேராகச் சொல்லிவிடுகிறேன். அக்கா குண்டுப் பை தைத்தார்.

குண்டு என்றதும் பயப்பட வேண்டாம். குழலின் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டு, சின்னச் சின்ன ஈயக்குண்டுகளைப் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடும் பழைய காலத்துத் துப்பாக்கி ஒன்று உண்டு. பள்ளிக்கரணை ஏரிப் பக்கம் கொக்கு சுட வரும் நரிக்குறவர்கள் தோளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஈயக்குண்டை நம் பக்கத்தில் பால்ரஸ் என்போம். அதைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளும் தோல் பைதான் குண்டுப் பை. வெளிநாட்டில் இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு போட்டி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய மாதிரியே பையும் வேண்டும், கையால் தைத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு மேற்குத் தாம்பரத்திலிருந்து பைகள் கப்பலில் போயின. அதில் நல்ல பைகள் எல்லாம் அக்கா கை பட்டவை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், "நல்லதா நாலு பக்கம் எழுதும்மா உமா, உனக்குத்தான் எழுத வரும்" என்றார். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பொறுமையின் வடிவம், பாசத்தின் இருப்பிடம் என்றெல்லாம் எழுதிப் படித்துப் பார்த்தால் பக்கத்துத் தெரு அக்காவைப் பற்றி எழுதியது போல இருந்தது. உண்மையை எழுதினால்தான் என் அக்கா வருகிறார். உண்மை என்னவென்றால், எனக்கு அவர் மேல் பொறாமை. நினைவு தெரிந்த நாளிலிருந்து பொறாமை. அவர் ஒரே ஒரு முறையாவது திரும்பி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்பதுதான் நான் வளர்ந்த காலம் முழுக்க என் பெரிய ஆசை. படித்ததும் அதற்குத்தான், வேலைக்குப் போனதும் அதற்குத்தான்.

அக்கா கோவிலம்பாக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் பிறந்தார். அப்பா ஏரிப் பாசனத்தில் நெல்லும் கீரையும் போட்டவர். ஏழு வருடம் கழித்து நான் பிறந்தேன். அந்த ஏழு வருடத்தில் வீட்டில் கிடைக்க வேண்டிய செல்லம் அத்தனையும் அக்கா வாங்கி முடித்துவிட்டார். மிச்சம் மீதிதான் எனக்கு. அம்மா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் மீன் குழம்பு வைத்த நாளில் தலைத் துண்டு யார் தட்டில் விழும் என்று அம்மாவைக் கேளுங்கள்.

அக்கா எட்டாவது படிக்கும்போது அப்பா வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு போனது. அதன் பிறகு அப்பா எழுந்து நடக்கவில்லை. அந்த முழு ஆண்டுப் பரீட்சை எழுதிய கையோடு அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். கீழ்க்கட்டளை வரை நடை, அங்கிருந்து பல்லாவரத்துக்கு பஸ், பல்லாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் டிரெயின். தோல் கம்பெனி என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. அவர்களும் இந்த மலரைப் படிப்பார்கள்.

அந்தச் சம்பளத்தில் நான் படித்தேன். "ஒங்கக்கா ஒழைச்சி உன்னப் படிக்க வெக்கிறா, மறந்துடாத" என்று தெருவில் பார்க்கிற ஒவ்வொருவரும் சொன்னார்கள். மறப்பதற்கு எங்கே விட்டார்கள். முதல் மதிப்பெண் வாங்கி வந்தாலும் பாராட்டு அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டாவது முடித்ததும் அதே கம்பெனியில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தேன். மாலையில் தோல் பொருள் டிப்ளமோ படித்தேன். அக்கா இருக்கும் இடத்திலேயே போய் நின்று அவரை ஜெயிக்க வேண்டும் என்பது திட்டம்.

கம்பெனியில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. வெளிநாட்டுக் கடிதங்கள் ஆங்கிலத்தில் வரும். மேனேஜர் சார் ஊரில் இல்லாத நாட்களில் அதைத் தையல் ஹாலுக்கு எடுத்துப் போய்ப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. கட்டிங் மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். பெண்கள் ஊசியை நிறுத்துவார்கள். நானும் விடமாட்டேன். நூலகத்தில் தேடிப் படித்த துப்பாக்கிக் கதை எல்லாம் சேர்த்துச் சொல்வேன். சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி எப்படி வரும், குண்டு போகிற குழல் உள்ளே எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். அக்கா மட்டும் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அங்கேயே எரியும்.

குண்டுப் பையில் கடினமான வேலை திருப்புவது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மெல்லிய தோலை மாங்காய் வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, உள்புறம் வெளியே தெரியும்படி வைத்து, குத்தூசியால் ஓட்டை போட்டு மெழுகு நூலில் தைப்பார்கள். பிறகு தண்ணீரில் ஊறப் போட்டு, முழுப் பையையும் அதன் கழுத்து வழியாக இழுத்துத் திருப்ப வேண்டும். கழுத்தில் இரண்டு விரல்தான் நுழையும். கழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தால் என்ன என்று நான் ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். அக்கா ஸ்டேஷனில் ஒரு நரிக்குறவரிடம் ஒரு பையைக் காட்டி, "வாய் பெருசானா ஓடும்போது கொட்டிப்பூடும் சாமி" என்று அவர் சொன்னதை வந்து மாஸ்டரிடம் சொன்னார். என் காகிதம் குப்பைக்குப் போனது.

அக்கா தேய்ந்த மத்துக் காம்பு ஒன்றை வைத்துக்கொண்டு அடியிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே வருவார். பை தானாக வெளியே நழுவி வரும். தோலில் ஒரு சுருக்கம் இருக்காது. நான் அதே காம்பை வாங்கி, அதே தண்ணீரில் ஊறிய பையை எடுத்துத் திருப்பினால் ஒன்று கழுத்து கிழியும், இல்லை என்றால் பை முழுக்க மடிப்பு விழும்.

"இன்னாம்மா உமா, டிப்ளமோல இதான் சொல்லிக் குடுத்தாங்களா? தொவச்சிப் புழிஞ்ச ஜாக்கெட் மாதிரி கீது" என்பார் மாஸ்டர்.

"அது நம்மகிட்ட கோச்சிக்கினு கீது மாஸ்டர்" என்று பக்கத்து இருக்கை ஜெயா சேர்ந்துகொள்வார். அக்கா சிரிக்கக்கூட மாட்டார். "குடு" என்று வாங்கி, என் மடிப்பை எல்லாம் கட்டை விரலால் நீவி எடுத்துத் திருப்பித் தருவார். அதைவிட அவர் சிரித்திருக்கலாம்.

இனி பயிறு விஷயம். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், உறவினர்களுக்குத் தெரியாது.

திருப்பிய ஈரப் பை உருண்டையாக நிற்பதற்காக அதில் காய்ந்த ஆற்று மணலை நிரப்பிக் காய வைப்பது வழக்கம். காய்ந்ததும் மணலைக் கொட்டிவிட்டு, கழுத்தில் மரக்குழாய் பொருத்துவார்கள். ஒரு ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. பைக்குள் தையலில் நுண்ணிய மணல் தங்கிவிடுகிறது, குண்டோடு சேர்ந்து வந்து துப்பாக்கிக் குழலைக் கீறுகிறது, அடுத்த சரக்கில் ஒரு மணல் துளி இருந்தாலும் திருப்பி அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள். ஹாலில் படித்துச் சொன்னேன்.

அந்த நேரத்தில் சாம்பிள் மேஜை காலியாக இருந்தது. ஜன்னல் ஓரம் தனியாகக் கிடக்கும் மேஜை. புது மாதிரிகளை முதலில் செய்து பார்ப்பவருக்கு அது. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் அந்த மேஜைக்குத்தான் வருவார். மாஸ்டர் சொல்லிவிட்டார்: "இந்த மண்ணு பிரச்சினைய யாரு தீக்கறாங்களோ அவங்க அங்க ஒக்காரலாம்."

இரண்டு நாள் யோசித்தேன். மணலுக்குப் பதில் பச்சைப் பயிறு. உருண்டை, வழவழப்பு, தூசி கிடையாது. கிட்டத்தட்ட ஈயக்குண்டு அளவு. வெயிலில் ஒரே நாளில் தோல் காய்ந்துவிடும், பயிற்றைக் கொட்டிவிடலாம். மாஸ்டருக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் அக்காவைப் பார்த்து, "பெரியவளே, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "படிச்சவ சொல்றா மாஸ்டர். செஞ்சி பாருங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அறுபது பை திருப்பி வைத்திருந்தார்கள். நானே என் கையால் அறுபதிலும் பயிறு நிரப்பி, கழுத்தைக் கட்டி, மாடியில் வரிசையாக வைத்தேன். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. உள்ளே எடுத்து வைத்தோம். மூன்று நாள் விடவில்லை, கம்பெனியும் திறக்கவில்லை. ஈரத் தோலில் அடைபட்ட பயிறு ஊறியது, உப்பியது, தையலைப் பிளந்தது. நாலாம் நாள் காலையில் ஹாலைத் திறந்தபோது ஒவ்வொரு பையின் கழுத்திலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. நாற்றம் முடிச்சூர் ரோடு வரை போனது.

"இன்னாம்மா இது, ஆர்டர் சுண்டலுக்கா வந்துச்சி?" என்று மாஸ்டர் கேட்டார். அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு கம்பெனியில் என் பெயர் சுண்டல். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட "சுண்டலக்கா, லெட்டர் வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அன்று சாயங்காலமே அக்கா ஒரு துணி மூட்டையோடு வந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் பாசிமணி விற்கும் பெண்களிடம் அக்கா தினமும் நின்று பேசுவார். ஓட்டை அடைத்துக்கொண்ட மணிகளை மாலையாகக் கோக்க முடியாது, அவர்கள் ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் கண்ணாடி மணிகள்தான் மூட்டையில் இருந்தன. ஈரத்தைக் குடிக்காது, முளைக்காது, தூசி கிடையாது, கழுவிக் கழுவி எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பலாம். புதிதாகத் தைத்த பைகள் மணியை வயிற்றில் வைத்துக்கொண்டு அழகாக உருண்டு நின்றன. சரக்கு போனது. ஒரு புகாரும் வரவில்லை. அக்கா ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தார். என்னை ஹாலுக்குள் வர வேண்டாம், டைப் அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கடிதத்தையும் மேனேஜர் சாரே வந்து படித்தார்.

மூன்று வருடம் டைப் அடித்தேன். ஜன்னல் வழியாக அக்காவின் முதுகு மட்டும் தெரியும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து, அக்கா பை திருப்புவதைக் குனிந்து நின்று பார்த்து, கை குலுக்கிவிட்டுப் போனார். அன்று நான் சாப்பிடவில்லை. அம்மா வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார். அந்த வேலையை விட்டேன். மறைமலை நகரில் ஒரு கம்பெனி, கிண்டியில் ஒன்று, பிறகு குரோம்பேட்டையில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருந்தேன். எங்கே போனாலும் யாராவது ஒருவர் "அவங்க தங்கச்சியா நீ?" என்று கேட்டுவிடுவார்கள்.

அக்காவுக்குத் திருமணம் ஆனது. நல்ல மாமா. குழந்தை ஒன்று, பெண். மூச்சு வாங்குகிறது என்று அக்கா சொன்னபோது முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த நிலையிலும் ஒன்றரை வருடம் வேலைக்குப் போனார். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறுவதை ஜெயா பார்த்திருக்கிறார். வீட்டில் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார் அக்கா. கடைசி ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நான் போவேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டும்.

ஒரு நாள் ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உமா, அந்த பயிறு மேட்டரு கீதே..." என்றார்.

"இங்கயும் சுண்டல் கதையாக்கா? வுடு."

"மொளைக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி."

நான் உரிப்பதை நிறுத்தினேன்.

"காலைலயே தும்பி தரையோட பறந்துகினு இருந்துச்சி. மழ வரும்னு தெரியும். ஈரத்துல பயிறு போட்டா இன்னா ஆவும்னு வெவசாயி வூட்டுப் பொண்ணுக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரில. நீ பொஸ்தகத்துலயே கெடந்த."

"தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா?"

"இன்னாத்துக்குச் சொல்லணும்?" அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினார். "நீ லெட்டர் படிக்கிறப்போ மாஸ்டர்லேர்ந்து பெருக்கறவங்க வரைக்கும் உன் வாயத்தான் பாத்துகினு இருப்பாங்க. அத்தினி வருசம் தைச்சேன், என் கைய எவனாவது அப்டிப் பாத்தானா? அந்தப் பேப்பர்ல இன்னா கீதுன்னு நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். வவுறு எரியும். தல நிமுந்து பாத்தா மூஞ்சில தெரிஞ்சிடும்னு குனிஞ்சிகினே தைப்பேன். ஒரு தபா இவளும் ஒண்ணும் தெரியாம முழிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"அப்ப மணி?"

"நீ பயிறு போடறதுக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல சொல்லி வெச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. "மூணு வருசம் நான் அந்த ரூம்ல டைப் அடிச்சேன். நீ ஜன்னலாண்ட ஜாலியா ஒக்காந்துகினு இருந்த" என்றேன்.

"ஜாலியாத்தான் இருந்துச்சி" என்றார் அக்கா.

இருவரும் சிரித்துவிட்டோம். அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து, "பேஷண்ட்ட இன்னாம்மா பேச வெக்கிற?" என்று என்னைத் திட்டினார். ஆக்சிஜன் வைத்து, அவர் கொஞ்சம் தெளிந்ததும், குனிந்து காதருகே கேட்டேன்: "இப்பவும் எரியுதாக்கா?"

"நீ எழுந்து அந்த வாசல் வரைக்கும் நடப்ப. கீழ போவ. பஸ் புடிப்ப. எரியாம இன்னா செய்யும்?"

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவர் பார்க்க அந்த வாசல் வரை நடப்பதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கண் மூடித் தூங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பத்து நாள் கழித்து ஒரு விடியலில் அக்கா போய்விட்டார்.

இதை எழுதிக் காட்டியபோது மாமா பயிறு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார். செத்தவரைப் பற்றி அப்படி எழுதலாமா என்று அவருக்கு வருத்தம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும். ரெண்டும் என் வவுத்துல பொறந்ததுங்கதான" என்றார். இருக்கிறது.

அக்காவின் கடைசி வாரங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் கட்டிலருகே இருந்த மாமாவின் தங்கைகளுக்கும், இரத்தம் கொடுக்க மறைமலை நகரிலிருந்து ஷிப்ட் முடிந்த கையோடு வந்த மாமாவின் நண்பர்களுக்கும், என்னைத் திட்டிய அந்த நர்ஸ் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாஸ்டர் தன் வயதையும் முழங்கால் வலியையும் பார்க்காமல் மயானம் வரை நடந்து வந்தார். ஜெயா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டுப் போகிறார். கருமாதி அன்று தெரு முனையிலேயே நின்றுவிட்டுப் போன மணிக்காரப் பெண்களை உள்ளே அழைக்காமல் விட்டது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டும். வந்து நின்றதற்கு நன்றி. முன்பு எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கி, கடைசியில் அக்காவுக்காகக் கண்ணீர் விட்ட உறவினர்களுக்கும் நன்றி.

அக்காவுக்கும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. படிக்க வைத்ததற்கு என்று எல்லோரும் நினைப்பீர்கள். அதைத் தெருவே எனக்காகச் சொல்லிவிட்டது. தலை குனிந்து தைத்துக்கொண்டே அத்தனை நாளும் என் மேல் பொறாமைப்பட்டதற்கு, அக்கா, நன்றி.

தங்கை உமா